சி மொழியில் 2-இன் அடுக்கால் பெருக்கினால் விடை 0 ஆகிவிடுகிறது, உதவி தேவை

தரவுக்காரன்:
வணக்கம். ஒரு கருவி எழுதிவைக்கும் பைனரி ஃபைலை சி நிரலில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று 64 பிட் முழு எண், இன்னொன்று 16 பிட் அடுக்கு. இரண்டுமே குறியுள்ளவை. முழு எண்ணை 2^அடுக்கு ஆல் பெருக்கினால் உண்மையான மதிப்பு கிடைக்கும். அலுவலகக் குறிமுறை என்பதால் அப்படியே ஒட்ட முடியாது, ஆனால் சாரம் இந்த ஒரு வரிதான்:

மதிப்பு = (டபுள்)முழுஎண் * பவ்(2.0, அடுக்கு);

பெரும்பாலான பதிவுகள் சரியாகத்தான் வருகின்றன. இரண்டு வகைப் பதிவுகளில் மட்டும் தகராறு. முழு எண் 4503599627370496, அடுக்கு -1100 என்ற பதிவு 0 ஆகிவிடுகிறது. அந்த முழு எண் 2^52. ஆக விடை 2^-1048, சுமார் 3.3 × 10^-316. டபுளில் (64 பிட் மிதவைப் புள்ளி எண் வகை) 4.9 × 10^-324 வரைக்கும் இடம் இருக்கிறது என்றுதான் படித்திருக்கிறேன். பிறகு ஏன் 0?

இன்னொரு வகை: முழு எண் 0, அடுக்கு 2000. காலி இடத்தைக் கருவி இப்படி நிரப்புகிறது போல. அங்கே 0 வர வேண்டும், வருவது என்ஏஎன், அதாவது எண்ணே அல்ல என்ற குறி. கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. லினக்ஸ், ஜிசிசி.

வேகப்பித்தன்:
பவ்வை விட்டுத் தள்ளுங்கள். 1 ஐ அடுக்கின் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்திப் பெருக்கினால் போதும், வேகமும் கிடைக்கும். அடுக்கு எதிர்மறையாக இருந்தால் வகுத்துவிடுங்கள்.

இருமம்:
வேகப்பித்தன் சகோ, அவருடைய அடுக்கு -1100. 32 பிட் இன்ட்டில் 1 ஐ 31 இடத்துக்கு நகர்த்தினாலே விடை இன்ட்டில் அடங்காது, 32 அல்லது அதற்கு மேல் போனால் சி தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. எக்ஸ்86 சிப்பில் நகர்த்தும் அளவின் கடைசி 5 பிட்டை மட்டுமே பார்ப்பார்கள், அதனால் 33 இடம் நகர்த்தச் சொன்னால் 1 இடம் நகர்ந்து நிற்கும். 0 வந்தாலாவது சந்தேகம் வரும். இது பார்க்க நல்ல எண் போலவே இருக்கிற தப்பான எண்ணைத் தரும்.

தரவுக்காரன், உங்கள் பெருக்கலில் தப்பில்லை, அதற்கு முன்னால் நடப்பதுதான் சிக்கல். பவ் முதலில் 2^-1100 ஐத் தனியாகக் கணக்கிடுகிறது. டபுளில் அடங்கும் மிகச் சிறிய எண் 2^-1074. அதற்குக் கீழே போனதால் பவ் 0 ஐத் திருப்பித் தருகிறது. அப்புறம் எதால் பெருக்கினாலும் 0 தான். இறுதி விடை அடங்கும், இடையில் வரும் எண் அடங்காது. என்ஏஎன் வருவதும் இதே கதைதான், எதிர்த் திசையில். 2^2000 டபுளில் அடங்காமல் முடிவிலி ஆகிறது, 0 × முடிவிலி என்றால் மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலையின் விதிப்படி என்ஏஎன்.

இந்த வேலைக்கென்றே மேத் நூலகத்தில் எல்டிஎக்ஸ்ப் இருக்கிறது:

மதிப்பு = எல்டிஎக்ஸ்ப்((டபுள்)முழுஎண், அடுக்கு);

இது 2^-1100 என்ற எண்ணை உருவாக்குவதே இல்லை. டபுளுக்குள் இருக்கும் 11 பிட் அடுக்குப் பகுதியில் கூட்டிக் கழிக்கிறது. அதனால் இடையில் எதுவும் வழிந்து போகாது. முதல் வாதம் 0 என்றால் அடுக்கு எதுவாக இருந்தாலும் விடை 0 தான்.

தரவுக்காரன்:
அருமை. இரண்டு வகைப் பதிவுகளும் சரியாகிவிட்டன. நன்றி இருமம்.

ஆனால் தனியாக ஒரு சின்ன சோதனை நிரல் எழுதியபோது லிங்கர் எல்டிஎக்ஸ்ப்பைக் காணவில்லை என்று திட்டியது. வாதங்களை நேராக எண்ணாகக் கொடுத்தால் திட்டவில்லை, மாறியில் போட்டுக் கொடுத்தால் திட்டுகிறது. இது என்ன வேடிக்கை?

பழையகம்பைலர்:
வாதங்கள் மாறிலி என்றால் ஜிசிசி கம்பைல் நேரத்திலேயே கணக்கை முடித்து விடையை எழுதிவிடும், நூலகத்தைக் கூப்பிடத் தேவையே இல்லை. மாறி என்றால் நிஜமாகக் கூப்பிட வேண்டும், அதற்கு மேத் நூலகத்தை இணைக்கும் எல்எம் கொடி வேண்டும். அந்தக் கொடியை உங்கள் சோர்ஸ் ஃபைல்களுக்குப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் சில லிங்கர்கள் அது தேவையில்லை என்று எண்ணிக் கடந்து போய்விடும்.

மேத் தலைப்புக் கோப்பைச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும் என்று எடுத்துக்கொள்வது 1989 தரநிலையின் பழக்கம். சி99 அதை நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் வெகுகாலம் வெறும் எச்சரிக்கையோடு விட்டன. ஜிசிசி 14 இல்தான் இயல்பாகவே பிழையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நிலா_நிரல்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எல்டிஎக்ஸ்ப், ஸ்கால்ப்என் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன போல இருக்கிறது. எதை எடுப்பது?

பழையகம்பைலர்:
எல்டிஎக்ஸ்ப் 1989 தரநிலையிலேயே உண்டு, எப்போதும் 2-இன் அடுக்கால் பெருக்கும். ஸ்கால்ப்என் சி99 இல் வந்தது, அந்த இயந்திரத்தின் மிதவைப் புள்ளி எண்களுக்கு எது அடிமானமோ அதன் அடுக்கால் பெருக்கும். பழைய ஐபிஎம் மெயின்ஃப்ரேம் வடிவத்தில் அடிமானம் 16. இன்றைக்கு நம் கையில் இருக்கும் கணினிகளில் அடிமானம் 2 தான், ஆக விடையில் வித்தியாசம் வராது. ஃபைல் வடிவமே 2-இன் அடுக்கு என்று சொல்லும்போது நான் எல்டிஎக்ஸ்ப்பைத்தான் எழுதுவேன். படிப்பவருக்கு நோக்கம் தெரியும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஸ்கால்ப் குடும்பம் வேண்டும். எல்டிஎக்ஸ்ப் அடுக்கை இன்ட்டாக வாங்கும், ஸ்கால்ப்எல்என் லாங்காக வாங்கும். இன்ட் 16 பிட்டாக இருக்கும் சின்ன இயந்திரங்களை நினைத்து வைத்தது.

தரவுக்காரன்:
இப்போது எதிர்த் திசை. டபுளை வாங்கி அதே வடிவத்தில் ஃபைலில் எழுத வேண்டும். அடுக்குக்கு ஐலாக்பி, மதிப்புப் பகுதிக்கு ஃப்ரெக்ஸ்ப் என்று பிரித்தேன். திரும்பப் படித்தால் எல்லா எண்ணும் சரியாகப் பாதியாக வருகிறது. 12 எழுதினால் 6. ஒன்றைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது, ஆனால் காரணம் தெரியாமல் ஒன்றைக் கூட்ட மனம் வரவில்லை.

இருமம்:
கூட்டாமல் நிறுத்தியது நல்லது. இரண்டு ஃபங்ஷனும் இரண்டு வேறு மரபைப் பின்பற்றுகின்றன. ஃப்ரெக்ஸ்ப் மதிப்புப் பகுதியை 0.5 முதல் 1 க்குள் வைக்கும், 1 சேராது. ஐலாக்பியும் லாக்பியும் அதே எண்ணை 1 முதல் 2 க்குள் வைத்துப் பார்க்கின்றன. 12 ஐ ஃப்ரெக்ஸ்ப்பிடம் கொடுத்தால் 0.75 × 2^4. ஐலாக்பியிடம் கேட்டால் 1.5 × 2^3 என்ற கணக்கில் 3 என்று சொல்லும். நீங்கள் 0.75 ஐயும் 3 ஐயும் சேர்த்தீர்கள், 6 வந்தது.

ஃப்ளோட் தலைப்புக் கோப்பில் இருக்கும் மாறிலிகளும் ஃப்ரெக்ஸ்ப் பக்கம்தான். டபுளின் மிகச் சிறிய நார்மல் எண் 2^-1022, ஆனால் குறைந்தபட்ச அடுக்கு என்று அங்கே -1021 போட்டிருக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஒரு எண் தள்ளிப் போகிறார்கள்.

உங்களுக்கு ஐலாக்பி வேண்டவே வேண்டாம். ஃப்ரெக்ஸ்ப் ஒன்றே இரண்டையும் தருகிறது:

பகுதி = ஃப்ரெக்ஸ்ப்(மதிப்பு, &அடுக்கு);
முழுஎண் = (இன்ட்64)எல்டிஎக்ஸ்ப்(பகுதி, 53);
அடுக்கு = அடுக்கு - 53;

டபுளில் 53 பிட் துல்லியம் உண்டு. பகுதியை 2^53 ஆல் பெருக்கினால் கண்டிப்பாக முழு எண்ணாகிவிடும், ஒரு பிட் கூட உதிராது. 12 க்கு 6755399441055744, அடுக்கு -49. 2^-1022 க்கும் கீழே, குறைந்த பிட்டுகளோடு வைக்கப்படும் சப்நார்மல் எண்களையும் ஃப்ரெக்ஸ்ப் ஒழுங்காக 0.5 க்கு மேலே கொண்டுவந்து கொடுக்கும், அதற்குத் தனி வழி எழுத வேண்டாம். ஆனால் இதற்கு முன்னால் ஐஸ்ஃபைனைட் வைத்துச் சோதித்துவிடுங்கள். முடிவிலி வந்தால் ஃப்ரெக்ஸ்ப் அடுக்கில் என்ன வைக்கும் என்று தரநிலை சொல்வதில்லை. முடிவிலியையும் என்ஏஎன்னையும் முழு எண்ணாக மாற்றினாலும் விளைவு வரையறுக்கப்படாதது.

நிலா_நிரல்:
படிக்கும் பக்கத்துக்கு ஒரு கேள்வி. எல்டிஎக்ஸ்ப் ஃபங்ஷன் அழைப்பு, பெருக்கலை விட மெதுவாகத்தான் இருக்கும். அடுக்கைத் துண்டாக்கி முதலில் 2^-1022 ஆல் பெருக்கி, மிச்சத்தை அப்புறம் பெருக்கினால் என்ன? இரண்டு மாறிலியும் டபுளில் அடங்குமே.

இருமம்:
நல்ல யோசனை, ஆனால் துண்டு போடும் இடத்தில் பொறி இருக்கிறது. 2-இன் அடுக்கால் பெருக்குவது நார்மல் எல்லைக்குள் இருக்கும்வரை துல்லியமானது, ரவுண்டிங் நடக்காது. சப்நார்மல் பகுதிக்குள் இறங்கினால் கீழ் பிட்டுகள் உதிர்ந்து ரவுண்டிங் நடக்கும். ஃப்ரெக்ஸ்ப் கொடுத்த 0.5 முதல் 1 வரையிலான பகுதியை முதல் அடியிலேயே 2^-1022 ஆல் பெருக்கினால் எண் சப்நார்மலில் விழுந்துவிடும், ஒருமுறை ரவுண்ட் ஆகும். மிச்ச அடுக்கால் பெருக்கும்போது மறுபடியும் ரவுண்ட் ஆகும்.

பதின்ம எண்ணில் பார்த்தால் புரியும். 1.346 ஐ நேராக ஒரு இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.3. முதலில் இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.35, அதை ஒரு இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.4. இரட்டை ரவுண்டிங் என்பது இதுதான்.

மஸ்ல் என்ற சி நூலகத்தின் ஸ்கால்ப்என் சோர்ஸைப் பாருங்கள், சின்ன ஃபங்ஷன்தான். அதுவும் நீங்கள் சொல்கிற மாதிரி துண்டு துண்டாகத்தான் பெருக்குகிறது. ஆனால் ஒரு அடியில் -1022 க்குப் பதில் -969 இறங்குகிறது, அதாவது 53 பிட்டைக் கையில் வைத்துக்கொள்கிறது. இடையில் ரவுண்ட் ஆன எண் எதுவும் கடைசி அடிக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. நூலகம் எழுதியவர்கள் இவ்வளவு யோசித்து வைத்திருக்கும்போது நாம் ஏன் மறுபடி எழுத வேண்டும்?

வேகப்பித்தன்:
அடுக்கு மாறாதது என்றால் மட்டும் நேரடிப் பெருக்கல் நல்லது. உதாரணமாக ஒலித் தரவில் 16 பிட் எண்களை -1 முதல் 1 வரை கொண்டுவர 32768 ஆல் வகுப்பார்கள். அங்கே 1.0/32768 என்ற மாறிலியால் பெருக்கலாம். 32768 என்பது 2^15, அதனால் விடை துல்லியம், கம்பைலர் அந்த வளையத்தை வெக்டர் ஆக்கவும் (ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடவும்) முடியும். அங்கே எல்டிஎக்ஸ்ப் தேவையில்லை. உங்கள் பதிவுகளில் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது, அதனால் எல்டிஎக்ஸ்ப் தான் சரி. ஃபைல் படிக்கும் நேரத்தில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.

பழையகம்பைலர்:
யாரும் சொல்லாத ஒன்று. தரவுக்காரன், உங்கள் முழு எண் 64 பிட். டபுளில் 53 பிட் தான். 9007199254740993 ஐ டபுளாக மாற்றிப் பாருங்கள், 9007199254740992 ஆகிவிடும். 2^53 ஐத் தாண்டும் எண்கள் எல்டிஎக்ஸ்ப்புக்குப் போவதற்கு முன்பே ரவுண்ட் ஆகின்றன. அதன்பின் விடை சப்நார்மல் என்றால் இருமம் சொன்ன இரட்டை ரவுண்டிங் இங்கேயும் வரும்.

எக்ஸ்86 லினக்ஸ் என்றால் லாங் டபுளில் 64 பிட் துல்லியம் இருக்கிறது. முழு எண்ணை லாங் டபுளாக்கி, எல்டிஎக்ஸ்ப்எல் வைத்து அளவை மாற்றி, கடைசியில் டபுளாக்குங்கள். ரவுண்டிங் ஒரே ஒருமுறைதான். 64 பிட் ஆர்ம் லினக்ஸில் லாங் டபுள் 128 பிட், அங்கேயும் இது சரியாக வரும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் லாங் டபுளும் டபுளும் ஒரே அளவு, அங்கே இந்த வழி பலிக்காது.

தரவுக்காரன்:
எங்கள் கருவி 48 பிட்டுக்கு மேல் பயன்படுத்துவதில்லை என்று அதன் ஆவணத்தில் இருக்கிறது, உதாரணத்தில் கொடுத்த பதிவு கையால் செய்த சோதனைப் பதிவு. ஆனாலும் லாங் டபுள் வழியையே எடுத்துக்கொண்டேன்.

இப்போது புதுத் தலைவலி. என் கணினியில் டீபக் பில்டில் எல்லாம் சரி. ரிலீஸ் பில்டில் அதே -1100 பதிவு மறுபடி 0 ஆகிறது! குறிமுறையில் ஒரு எழுத்து கூட மாறவில்லை. நூலகம் பிழை எண்ணை வைக்கும் எர்நோவையும் பார்த்தேன், 0 தான்.

இருமம்:
ரிலீஸ் பில்டின் கொடிகளைப் பாருங்கள். வேகத்துக்காக மிதவைப் புள்ளி விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்மேத் இருக்கிறதா? அல்லது ஓஃபாஸ்ட்? ஓஃபாஸ்டுக்குள் ஃபாஸ்ட்மேத்தும் அடக்கம்.

தரவுக்காரன்:
ஓஃபாஸ்ட் இருக்கிறது. யாரோ எப்போதோ போட்டது.

இருமம்:
அதுதான். எக்ஸ்86 இல் ஜிசிசியோடு அந்தக் கொடியை வைத்து நிரலை லிங்க் செய்தால், நிரல் தொடங்கும்போதே ஒரு சின்னத் துணுக்கு ஓடி, சப்நார்மல் விடைகளை எல்லாம் 0 ஆக்கு என்று சிப்பின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் எழுதிவிடும். லாங் டபுளில் நீங்கள் செய்யும் கணக்கு வேறு அலகில் நடப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. கடைசியில் டபுளாக்கியபின் அந்த எண்ணை எதாலாவது பெருக்கிக் கூட்டினால் அங்கே 0 ஆகியிருக்கும். உங்கள் பதிவு 2^-1048, அது சப்நார்மல். படித்தபின் ஏதாவது கணக்குப் போடுகிறீர்களா?

தரவுக்காரன்:
ஆமாம், அலகு மாற்ற ஒரு டபுள் மாறிலியால் பெருக்குகிறேன். அதன் விடையைத்தான் அச்சிட்டுப் பார்த்தேன்.

இருமம்:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. ஓஃபாஸ்டை எடுத்துவிட்டு ஓ2 அல்லது ஓ3 போடுங்கள், லிங்க் செய்யும் கட்டளையிலும் மறக்காமல் எடுங்கள். எழுதும் பக்கத்தில் ஐஸ்ஃபைனைட் வைத்தீர்களே, ஃபாஸ்ட்மேத் இருந்தால் கம்பைலர் முடிவிலியே வராது என்று எண்ணிக்கொண்டு அந்தச் சோதனையையும் தூக்கிவிடலாம்.

நிலா_நிரல்:
என் வேலையிலும் இதே மாதிரி 0 வருகிறது, காரணம் வேறு. 2000 நிகழ்தகவுகளை வரிசையாகப் பெருக்க வேண்டும், எல்லாம் 0.01 போல. எல்லோரும் லாக் எடுத்துக் கூட்டு என்கிறார்கள். ஃப்ரெக்ஸ்ப்பை இங்கே பயன்படுத்தலாமா?

பழையகம்பைலர்:
தாராளமாக. 0.01 ஐத் தொடர்ந்து பெருக்கினால் 154வது முறையில் சப்நார்மலுக்குள் போகும், 162 இல் 0. ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு விடையை ஃப்ரெக்ஸ்ப்பில் போட்டு, பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுக்கை ஒரு லாங் மாறியில் கூட்டிக்கொண்டே போங்கள். பகுதி எப்போதும் 0.5 க்கும் 1 க்கும் இடையில்தான் இருக்கும், கீழே விழ வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்றும் இல்லை, 0.01 அளவு எண்கள் என்றால் நூறு பெருக்கலுக்கு ஒருமுறை செய்தாலும் போதும்.

லாக் தப்பில்லை, ஆனால் துல்லியம் கொஞ்சம் போகும். கூட்டுத்தொகை -20000 பக்கம் போனால் அந்த இடத்தில் அடுத்தடுத்த டபுள்களுக்கு இடைவெளி 2^-38, சுமார் 3.6 × 10^-12. அந்தப் பிழை திரும்ப எக்ஸ்ப் எடுக்கும்போது அப்படியே விடையின் சார்புப் பிழையாகிவிடும். ஃப்ரெக்ஸ்ப் வழியில் ஒரு பெருக்கலுக்கு அதிகபட்சம் 2^-53 தான். கடைசியில் 10^-4000 ஐ எந்த டபுளிலும் வைக்க முடியாது, அதனால் பகுதியும் அடுக்கும் தனித்தனியாகவே இருக்கட்டும். அச்சிட வேண்டுமென்றால் லாக்10(பகுதி) + அடுக்கு × 0.30103 என்று பதின்ம அடுக்கைக் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அடுக்கு, சமமாக இருந்தால் பகுதி. பகுதி 0 ஆக இருந்தால் மட்டும் அடுக்கைப் பார்க்காதீர்கள், 0 க்கு ஃப்ரெக்ஸ்ப் அடுக்கையும் 0 என்றுதான் கொடுக்கும்.

நிலா_நிரல்:
புரிந்தது, மிக்க நன்றி ஐயா.

தரவுக்காரன்:
ஓஃபாஸ்டை எடுத்தேன். ரிலீஸ் பில்டிலும் 3.3 × 10^-316 வருகிறது, அலகு மாற்றிய பிறகும் நிற்கிறது. ஃபைலில் உள்ள எல்லாப் பதிவையும் படித்து, எழுதி, மறுபடி படித்து ஒப்பிட ஒரு சோதனை எழுதுகிறேன். அதில் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

இருமம்:
முழு எண்ணையும் அடுக்கையும் ஜோடியாக ஒப்பிடாதீர்கள். 3 × 2^2 உம் 6 × 2^1 உம் ஒரே எண், ஃப்ரெக்ஸ்ப் வழியாக எழுதினால் எப்போதும் 53 பிட் நிரம்பிய வடிவம்தான் வரும். டபுளாக்கிய பிறகு ஒப்பிடுங்கள். பிழை வந்தால் பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறியோடு ஏ எழுத்தைப் போட்டு அச்சிடுங்கள், பிட்டுகள் அப்படியே பதினாறடிமானத்தில் தெரியும்.

இன்னொன்று, -0. டபுளில் -0 உண்டு, உங்கள் முழு எண்ணில் கிடையாது. எழுதிப் படித்தால் +0 ஆகத் திரும்பும். சமக்குறி ஒப்பீடு இதைக் காட்டிக்கொடுக்காது, குறி முக்கியம் என்றால் சைன்பிட் வைத்துப் பாருங்கள்.

தரவுக்காரன்:
எங்கள் கருவியில் குறி இல்லாத 0 தான், -0 வந்தால் +0 ஆகட்டும். தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.